மணத்த தலைக்கவசம்

“களவெடுக்க வந்தவன், வாளைத் தூக்க முதல் தலைக்கவசத்துக்குச் சாம்பிராணி போடுவானோ அக்கா?”

காரை நிறுத்திக்கொண்டே துவாரகன் கேட்டான். பகிடியாகத்தான் கேட்டான். முப்பது தாண்டியும் பகிடியை விடாத ஆள் அவன். குணேஸ்வரியிடம் உதவியாளனாகச் சேருவதற்கு முன் வீடு வீடாகப் பொதி கொடுத்துத் திரிந்த காலத்தில், கடிக்க வந்த நாய்களோடுகூடப் பகிடி விட்டிருக்கிறான். வழக்கமாக அவன் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். இன்று வாயைத் திறக்கவில்லை. அந்தக் கேள்வியைத் திங்கட்கிழமையே தன்னிடம் தானே கேட்டிருக்க வேண்டும் என்று அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே, லிப்பே ஆற்றங்கரையில், ஒரு பழைய மாவு ஆலை. ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஹார்ட்விக் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சாமுராய் ஆயுதங்களும் கவசங்களும் அதற்குள் காட்சிக்கு இருக்கின்றன. பல்லுப் பிடுங்கி வாங்கிய வாள்கள் என்று ஊரில் சொல்வார்கள். நடுக்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. இரும்பு மீசை வைத்த முகமூடியோடு ஒரு முழுக் கவசம் அதற்குள் உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் ஒரு நெடுவாள், ஒரு குறுவாள். திங்கட்கிழமை காலையில் குறுவாளை மட்டும் காணவில்லை.

பெட்டி உடையவில்லை, பூட்டும் பழுதாகவில்லை. திறப்பு மூன்று பேரிடம் இருந்தது. வைத்தியரிடம் ஒன்று, அவருடைய மகள் பிர்கிட்டிடம் ஒன்று, காவலாளி சோதிலிங்கத்திடம் ஒன்று. வைத்தியர் ஆல்ப்ஸ் பக்கம் மலை நடக்கப் போயிருந்தார், கைபேசி எடுபடவில்லை. பிர்கிட்தான் பதறிப்போய்க் குணேஸ்வரியைக் கூப்பிட்டாள்.

குணேஸ்வரி காப்புறுதி நிறுவனமொன்றில் களவு முறைப்பாடுகளை விசாரித்தே தலை நரைத்தவள். பிறகு ஹம்மில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டாள். கெட்டிக்காரி, வேகமாக முடிப்பாள் என்று பெயர். அன்றும் வேகமாகத்தான் முடித்தாள். தலைக்கவசத்தைக் கிட்டப் போய் மோந்து பார்த்தாள். புகை வாசம். ஆலையில் வேலை செய்கிறவர்களில் புகை போட்டுக் கும்பிடுகிற ஆள் யார்? ஊன்ட்றொப் அம்பாள் கோயிலில் தொண்டு செய்கிற சோதிலிங்கம். களவுக்கு முன்னால் சாமியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார், சரி. தலைக்கவசத்தின் தாடைக்கயிற்று நுனிகள் வெட்டப்பட்டிருந்தன. பதட்டத்தில் கத்தரிக்கோல் போட்ட கை, சரி. விலைகூடிய நெடுவாள் அப்படியே கிடக்கக் குறுவாள் போயிருந்தது. அருமை தெரியாத ஆள், அதுவும் சரி. மூன்றையும் கூட்டினாள். அங்கே வேலை செய்கிற எல்லோருக்கும் முன்னால், சுத்தமான ஜெர்மன் மொழியில், சோதிலிங்கத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த மனிதர் வாதாடவே இல்லை. “நான் எடுக்கேல்லைத் தங்கச்சி” என்றார். திறப்பை மேசையில் வைத்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கூட்டத்தில் நின்ற ஒருவர் டிக்கெட் கொடுக்கிற பாலச்சந்திரன். அவர் மனைவி சுகன்யாதேவி. அவளுக்கு ஒரு செய்தி தெரிந்தால் வானொலி வேண்டாம். பின்னேரத்துக்குள் ஹம்மில் உள்ள தமிழ்க் கடை, தமிழ்ப் பள்ளிக்கூடம், சலூன் என்று எல்லா இடமும் பரவிவிட்டது. இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில், “அந்த வாள் களவெடுத்த சோதிலிங்கம்” என்று கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னபோது குணேஸ்வரிக்குப் பால் பெட்டி கையில் கனத்தது. பெயருக்கு முன்னால் ஒட்டிய அந்த அடைமொழியை ஒட்டிவிட்டவள் அவள்தான்.

இனி மிச்சம் ஒன்றுதான். இன்று பின்னேரம் பிர்கிட், குணேஸ்வரியின் அறிக்கையோடு பொலிசுக்குப் போய் ‘ஆன்சைக’ என்கிற முறைப்பாட்டைக் கொடுப்பாள். கொடுத்ததும் சோதிலிங்கத்தின் காவல் வேலைக்கான அனுமதி போய்விடும். அறுபதை எட்டிப் பிடிக்கிற மனிதருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்? களவாளி என்ற பெயரோடு எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போய் நிற்பார்?

அறிக்கை அவள் கைப்பையில் இருந்தது. ஆனால் கொடுக்க முதல் ஒருத்தியைப் பார்க்க வேண்டியிருந்தது. “மேடம், ரிப்போர்ட் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் என்கிட்ட வாங்க” என்று காலையில் கைபேசியில் கூப்பிட்டவள் யாமினி.

யாமினி கோயம்புத்தூர்ப் பெண். பழைய பட்டுக்கயிறுகளைப் பழுதுபார்ப்பதில் ஆராய்ச்சி செய்கிறாள். கவசங்களைச் சேர்த்துக் கட்டியிருப்பதே பட்டுக்கயிறு என்பதால் ஆலையின் பின்பக்கத்தில் அவளுக்கு ஒரு மேசை உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தவள் நேற்றுத்தான் திரும்பியிருந்தாள். மேசையில் அந்தத் தலைக்கவசம் இருந்தது.

“ஹெல்மெட்டை வெளிப்பக்கமா மோந்து பாத்தீங்களா, உள்பக்கமா மேடம்?”

“ரெண்டு பக்கமும்தான்” என்றாள் குணேஸ்வரி. பொய். ஒரு தரம் மோந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

யாமினி தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பிடித்தாள். “இப்ப பாருங்க.”

வெளியே திங்கட்கிழமை இருந்த புகை வாசம் போய், இரும்பும் அரக்கும் மட்டும் மணத்தன. உள்ளே, தலை பதிகிற துணியில், வாசம் ஊறிக் கிடந்தது. குணேஸ்வரி கண்ணை மூடி மோந்தாள். சாம்பிராணி இப்படி இனிக்காது.

“இது அகில் கட்டை. கோயில்ல போடுறது இல்ல. அதுவும் ஹாலுக்குப் போட்ட புகை கிடையாது. ஹெல்மெட்டைக் கவிழ்த்து வச்சு, அடியில கட்டையைப் புகைய விட்டிருக்காங்க.”

“தலைக்கவசத்துக்கு என்னத்துக்கு வாசம்? போட்டிருக்கிறவருக்குப் பேன் கீன் இருந்ததோ?” என்றான் துவாரகன்.

யாமினி சிரிக்கவில்லை. “சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி சில வீரர்கள் இப்படிச் செய்வாங்களாம். ஜெயிச்சவங்க, செத்தவங்களோட தலையை வெட்டி எடுத்துட்டுப் போய்த் தங்களோட தளபதி முன்னாடி வைப்பாங்க. அவர் ஒவ்வொண்ணா பாப்பார். அப்போ நம்ம தலை நாறக் கூடாது இல்லையா? எதிரி முன்னாடி அது அவமானம்.”

“செத்த பிறகும் சென்ட் அடிக்கிற ஆக்கள். என்ர மாமா கலியாண வீட்டுக்கே அடிக்கமாட்டார்.”

“கயிறு?” என்று குணேஸ்வரி கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வெட்டு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. ரெண்டு நுனியும் ஒரே அளவு. அவசரத்துல வெட்டினது இல்ல. திரும்பி வரமாட்டோம்னு முடிவு பண்ணினவங்க தாடையில முடிச்சுப் போட்டுட்டு மிச்ச நுனியை வெட்டிடுவாங்களாம். இனிமே இந்த முடிச்சை அவிழ்க்கிற வேலை எனக்கு இல்லைன்னு அர்த்தம்.”

துவாரகன் குனிந்து அந்த நுனிகளைப் பார்த்தான்.

குணேஸ்வரிக்குக் காது இரண்டும் சுட்டன. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். சாமுராய் வாள் நிறைந்த கூடத்தில், சாமுராய் தலைக்கவசத்தில் புகை மணந்திருக்கிறது. அதைச் சாமுராயோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. புகை மணந்ததும் தமிழன் என்று நினைத்திருக்கிறாள். ஒரு ஜெர்மன்காரன் அப்படி நினைத்திருந்தால் அவள் அவனை லேசில் விட்டிருப்பாளா? மேசையில் ஏறி நின்று கேட்டிருப்பாள்.

“நெடுவாளை ஏன் விட்டவன்? விலைகூடினது அதுதானே.”

“அடுத்தவங்க வீட்டுக்குப் போனா நீள வாளைக் கழட்டிக் குடுத்துடணும் மேடம், அது மரியாதை. சின்ன வாள் மட்டும் கூடவே இருக்கும். படுக்கும்போதுகூடத் தலைமாட்டுல வச்சுக்குவாங்க.”

குணேஸ்வரி கதிரையில் உட்கார்ந்தாள். மூன்று தடயமும் அவள் கண்முன்னால் ஒவ்வொன்றாகத் திரும்பி நின்றன. இவன் களவெடுக்க வந்த ஆள் இல்லை. தனக்குச் சொந்தமில்லாத ஓர் இடத்துக்குப் போகிறவன். அங்கே படுக்கப் போகிறவன். திரும்பி வருவேனோ என்று பயந்தவன். இந்த வழக்கமெல்லாம் தெரிந்தவன். கையில் திறப்பும் இருக்கிறவன்.

“துவாரகன், டொக்டரின்ர அறையைப் பார்க்கோணும். கெதியா.”

வைத்தியர் குடியிருந்தது ஆலையின் மேல்மாடியில். பிர்கிட் கீழே ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஈட்டியையும் வில்லையும் காட்டிக்கொண்டிருந்தாள். திறப்பைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது.

“இன்னும் என்ன பார்க்க இருக்கிறது? காப்புறுதிக்காரர்கள் இன்றைக்கே முறைப்பாடு வேண்டும் என்கிறார்கள். எனக்கும் இது பிடிக்கவில்லை. சோதி அப்படிச் செய்கிற மனிதர் இல்லை என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீங்கள்தான், ‘என் ஆட்களை எனக்குத் தெரியும்’ என்றீர்கள்.”

அப்படித்தான் சொன்னாள். அதே சொற்கள். சொன்னபோது அது ஒரு தகுதிபோல் இருந்தது. இப்போது அதைப் பிர்கிட்டின் வாயிலிருந்து கேட்க, கன்னத்தில் அறை வாங்கியதுபோல் இருந்தது. திறப்பை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி படியேறினாள்.

அறை துப்புரவாக இருந்தது. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. குணேஸ்வரி அலுமாரியைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். துவாரகன் கதவடியிலேயே குந்திக்கொண்டு எதையோ தூக்கிப் பிடித்தான்.

“அக்கா, மலையேறப் போன மனிசன் மலைச் சப்பாத்தை வீட்டில விட்டிட்டுப் போவாரோ?”

தடித்த அடியுள்ள சப்பாத்து ஒரு சோடி. நன்றாக மினுக்கி, நாடா கட்டி வைத்திருந்தது.

“இஞ்ச பாருங்கோ. வீட்டுச் செருப்பைக் காணேல்லை. குளிச்சிட்டுப் போடுற அங்கியும் கொளுவியில இல்லை. ஜெர்மன்காரன் வீட்டுச் செருப்பையும் அங்கியையும் தூக்கிக்கொண்டு போற இடம் எது தெரியுமோ? என்ர பக்கத்து வீட்டுக் கிழவர் குடலிறக்கம் வெட்டப் போகேக்க...”

“ஆஸ்பத்திரி” என்றாள் குணேஸ்வரி.

“பகிடியைச் சொல்லி முடிக்க விடமாட்டீங்களே.”

படி ஏறும்போது வைத்தியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை, விடுமுறைக்குப் போக முதலே பல தடவை கண்டதாகக் கீழே யாமினி சொன்னாள். நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்கிற மருத்துவமனை கிட்டடியில் ஒன்றுதான் உண்டு. குணேஸ்வரி பிர்கிட்டிடம் ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லி இன்னொருவரைக் கலங்கடிக்க அவளுக்கு இப்போது துணிவில்லை. சப்பாத்துச் சோடியைத் துவாரகனிடம் ஒரு பையில் போடச் சொன்னாள்.

மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருந்த பெண், நோயாளியின் பெயரைக் கேட்டதும் உதட்டை இறுக்கினாள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்பாம், ‘டாட்டன்ஷுட்ஸ்’. ஒருவர் உள்ளே இருக்கிறாரா இல்லையா என்றுகூடச் சொல்ல ஏலாதாம்.

“நாங்கள் அவரைப் பார்க்க வரவில்லை” என்றாள் குணேஸ்வரி, அழகான ஜெர்மனில். “சப்பாத்தை மறந்துவிட்டு வந்துவிட்டார். கொடுத்துவிட்டுப் போகிறோம். ஹார்ட்விக்.”

பெண்ணின் முகம் இளகியது. கணினியில் தட்டினாள். ஒரு சின்னக் கடதாசியில் மாடியையும் அறையையும் பெரிதாக எழுதிப் பையில் ஒட்டிவிட்டு, தாதி வந்து எடுப்பார் என்று பையை மேசையிலேயே வைத்தாள். எழுத்து இவர்கள் பக்கம் பார்த்தபடி இருந்தது.

“டாட்டன்ஷுட்ஸ் வாழ்க” என்று துவாரகன் மின்தூக்கிக்குள் முணுமுணுத்தான்.

ஹார்ட்விக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்பக்கம் மூடி முதுகுப்பக்கம் நாடா கட்டும் மருத்துவமனைச் சட்டை. நெஞ்சிலிருந்து வயர்கள் இதயத் துடிப்பைக் காட்டும் ஒரு திரைக்குப் போயின. கட்டிலடியில் செருப்பு இரண்டும் ஒழுங்காக இருந்தன. குணேஸ்வரி தன்னை அறிமுகப்படுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“குறுவாள் தலைமாட்டிலா இருக்கிறது?”

கிழவர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டு, துவாயில் சுற்றிய ஒன்றின் நுனியைக் காட்டினார். முகம் சிவந்துவிட்டது, பலகாரம் எடுத்துப் பிடிபட்ட பிள்ளைபோல.

“உறையிலிருந்து எடுக்கவில்லை. தாதிமாருக்குத் தெரியாது. நாளைக் காலையில் வெட்டுகிறார்கள். எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அஞ்சாத வீரர்களைப் பற்றிச் சொல்லியிருப்பேன்! எனக்குப் பயமாக இருக்கிறது என்று மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால் மலைக்குப் போகிறேன் என்றேன். அந்தத் தலைக்கவசத்திடம் மட்டும் முறைப்படி சொல்லிவிட்டு வந்தேன்.” சட்டையின் முதுகுப்பக்கத்தை இழுத்து மூடினார். “முதுகு திறந்தபடி சண்டைக்குப் போகிற முதல் சாமுராய் நான்தான்.”

துவாரகன் சிரித்துவிட்டான். கிழவரும் சிரித்தார். குணேஸ்வரிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கிய வேகத்தில் அவள் நிறுத்தி யோசிக்கவில்லை. இதுதான் அவள் குணம்.

“உங்களை இங்கே கொண்டுவந்து விட்டது யார்?”

“சோதி. ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று அவரிடம் வாக்கு வாங்கினேன். ஏன்?”

“குறுவாளைக் களவெடுத்தது அவர்தான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். திங்கட்கிழமையே அவர் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்குப் பொலிசில் முறைப்பாடு. நீங்கள் இப்போதே மகளுக்குச் சொல்ல வேண்டும்.”

“சோதியையா?” ஹார்ட்விக் நிமிர்ந்தார். “சோதியையா? யார் சொன்னது?”

அந்த இடத்தில் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. “நான்தான்.”

கிழவர் உடனே கைபேசியை எடுத்தார். “பிர்கிட், வாள் என்னிடம் இருக்கிறது. சோதி அதைத் தொட்டதே இல்லை. அவர் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேள்” என்றார். அடுத்ததைச் சொல்ல மூச்சு வரவில்லை. திரை கீச்சிட ஆரம்பித்தது. கதவு திறந்தது. தாதி ஒருத்தி ஓடிவந்து இருவரையும் பார்த்த பார்வையில் துவாரகன்கூடப் பின்வாங்கினான்.

“இவருக்கு என்ன சொன்னீர்கள்? வெளியே! இரண்டு பேரும் வெளியே!”

வெளியே வந்து, உள்ளே கீச்சுச் சத்தம் அடங்கியதும் பிர்கிட்டே கைபேசியில் கூப்பிட்டாள். அழுதுகொண்டே காரில் வந்துகொண்டிருந்தாள். முறைப்பாடு இல்லை என்றாள். குணேஸ்வரி அறிக்கையை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பெரிய பாரம் குறைந்ததுபோல் இருந்தது.

“வாக்குக் குடுத்திட்டு வாயே திறக்கேல்லைப் பாருங்கோ அக்கா. உண்மையான சாமுராய் காவலாளிதான், டொக்டர் இல்லை” என்றான் துவாரகன்.

“சோதிலிங்கம் அண்ணையின்ர வீட்டுக்கு விடும்” என்றாள் அவள்.

சோதிலிங்கத்தின் வீட்டுக் கதவைத் திறந்தவள் அவருடைய மனைவி சிவசக்தி. வாங்கோ என்று சொல்லவில்லை. கதவை மட்டும் விலக்கினாள். யாழ்ப்பாணத்து வீட்டில் அதைவிடப் பெரிய ஏச்சு வேறு இல்லை. சோதிலிங்கம் யன்னலோரத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழும்பினார். எழும்ப வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் எழும்பினார்.

“அண்ணை, பிழை விட்டது நான்” என்றாள் குணேஸ்வரி. வழி நெடுக அடுக்கி வைத்திருந்த சொற்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. “வாள் கிடைச்சிட்டுது. ஆன்சைக இல்லை. புகை மணந்த உடன உங்களை நினைச்சன். வேற ஒண்டையும் யோசிக்கேல்லை. எனக்கு வெக்கமா இருக்கு. பிர்கிட்டிட்டைச் சொல்லிக் கடிதம் ஒண்டு எடுத்துத் தாறன், உங்களில ஒரு குற்றமும் இல்லை எண்டு.”

“கடிதத்தை என்ன செய்யிறது?” என்றாள் சிவசக்தி. முதல் தடவையாக வாய் திறந்தாள். “நெத்தியில ஒட்டிக்கொண்டோ இவர் கடைக்குப் போறது? ஞாயிற்றுக்கிழமை அம்பாளுக்குத் தேர். ஆண்டாண்டா வடம் பிடிச்ச மனிசன். இந்தமுறை போகேல்லை எண்டு இருக்கிறார். நீங்கள் அத்தினை பேருக்கு முன்னால சொன்னதை, இஞ்ச என்ர வீட்டுக்குள்ள வந்து மெதுவாத் திருத்தினால் திருந்துமோ?”

குணேஸ்வரிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. கைபேசியை எடுத்தாள். சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துச் சுகன்யாதேவியைக் கூப்பிட்டாள்.

“சொல்லுங்கோ குணேஸ் அக்கா! கள்ளனைப் பிடிச்சாச்சோ?”

“கள்ளன் எண்டு ஒருத்தரும் இல்லை. சோதிலிங்கம் அண்ணை ஒண்டும் எடுக்கேல்லை. வாளின்ர சொந்தக்காரரே எடுத்து வைச்சிருந்தவர். விசாரிக்காமல் பழி போட்டது நான்.”

அந்தப் பக்கம் சத்தமில்லை. சுகன்யாதேவிக்குப் பேச்சு வராமல் போனது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“நீங்கள் எத்தினை பேருக்குச் சொன்னனீங்களோ, அத்தினை பேருக்கும் இதையும் சொல்லுங்கோ. குணேஸ்வரிக்கு மூளை பிசகிப் போச்சு, ஒரு நல்ல மனிசனைக் களவாளி எண்டு சொல்லிப்போட்டாள் எண்டு என்ர பேரோட சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை தேரடியில நானே நிண்டு கேக்கிற ஆக்கள் எல்லாருக்கும் சொல்லுறன்.”

கைபேசியை வைத்தாள். நாளைக்கு இந்தத் தொழிலில் அவளை யார் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கூப்பிடாவிட்டாலும் நியாயம்தான் என்று நினைத்தாள். சிவசக்தி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். துவாரகன் யன்னலுக்கு வெளியே என்னவோ இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

சோதிலிங்கம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை.

“வாள் எப்பிடிக் கிடைச்சது தங்கச்சி?”

“டொக்டரிட்டைத்தான் இருந்தது அண்ணை. ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிச்சுப் போனம். நீங்கள் வாக்குக் குடுத்ததையும் சொன்னவர். இப்பிடிப் பழி விழுந்த பிறகும் ஒரு வாக்குக்காக...”

“வாக்கோ?” அவர் கையை அசைத்து அதைத் தள்ளினார். “வாக்கு என்ன வாக்கு. பிர்கிட்டை ஒரு பக்கம் கூப்பிட்டு ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சிருக்கும். ஆனால் தெரிஞ்சால் அவ தகப்பனிட்டை ஓடுவா, அழுவா. ஒப்பரேசன் முடியுமட்டும் இந்த மனிசனுக்கு ஒரு பதட்டமும் குடுக்கப்படாது, நெஞ்சு தாங்காது எண்டு வைத்தியர்மார் எனக்கு முன்னாலதானே சொன்னவை. நேற்றும் ரெலிபோன் எடுத்தவர். கூடத்தில எல்லாம் சரி ஐயா, இப்பதான் கண்ணாடி துடைச்சிட்டு வாறன் எண்டு சொன்னனான். நாளைக்கு ஒப்பரேசன் முடிஞ்சால் எல்லாம் தன்பாட்டில வெளிக்கும், அதுமட்டும் பொறுப்பம் எண்டுதானே இருந்தனான்.”

அவர் குரல் இறங்கியது.

“நீங்கள் அவரிட்டை என்னைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லைத்தானே?”

குணேஸ்வரி வாயைத் திறந்தாள். கீச்சிட்ட திரையும், கிழவரின் திணறிய மூச்சும், ஓடிவந்த தாதியின் கண்ணும் ஒரே நேரத்தில் அவள் முன்னால் வந்து நின்றன. அந்த மனிதர் நாள்கணக்காகத் தன் மானத்தைக் கொடுத்து மூடி வைத்திருந்த ஒன்றை, அவள் ஒரு வாசலைத் தாண்டி நடந்துபோய், சப்பாத்து மறந்துபோனதைச் சொல்வதுபோல் இலேசாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

“சொல்லிப்போட்டன் அண்ணை.”

“எல்லாமோ?”

“எல்லாம்.”

அவர் ஏசவில்லை. ஏசினால் நன்றாக இருக்கும் என்று அவள் உள்ளுக்குள் மன்றாடினாள். அவர் கதவடிக்குப் போய் மேலங்கியை எடுத்துப் போட்டார். சப்பாத்துக்குள் காலை நுழைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, என்னை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுறீரோ? நான் ஒரு கோவமும் இல்லாமல் சிரிச்சுக்கொண்டு இருக்கிறதைக் கண்ணால கண்டால்தான் அந்த மனிசன் நித்திரை கொள்ளும்.”

துவாரகன் ஒரு பகிடியும் விடாமல் கார்த் திறப்பை எடுத்தான்.

“நானும் வாறன் அண்ணை” என்றாள் குணேஸ்வரி.

“நீங்கள் வேண்டாம் தங்கச்சி” என்றார் சோதிலிங்கம். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். “உங்களைக் கண்டால் திரும்பவும் பதறுவார்.”

இருவரும் படியிறங்கிப் போனார்கள். கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. குணேஸ்வரி திறந்த கதவுக்கும் படிக்கும் நடுவில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.